இன்னும் நைசாக

என் மனைவி எதையும் கண்ணால் பார்த்து நம்பியதில்லை. வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் நம்புவாள். இட்லி மாவு, மல்லிப் பொடி, சேலைத் தலைப்பு, மகள் குழந்தையாக இருந்தபோது போட்ட பவுடர், எதுவானாலும் அந்த இரண்டு விரல்களைத் தாண்டித்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். ஜனக்புரியில் நாங்கள் வீடு வாங்கிச் சுவருக்குப் பட்டி பூசி முடித்த அன்று, மேஸ்திரி கூலிக்காக நின்றுகொண்டிருந்தார். இவள் சுவரோரம் குனிந்து, உதிர்ந்து கிடந்த பொடியை எடுத்துத் தேய்த்தாள். "நறநறன்னு இருக்கு. இன்னொரு தடவ தேய்க்கச் சொல்லுங்க" என்றாள். அதை இந்தியில் சொல்லி மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

அவளிடம் இரண்டே தீர்ப்புதான். ஒன்று நைஸ். இன்னொன்று நறநற. நடுவில் சமாதானம் பேச இடம் கிடையாது.

நைஸ் என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வெள்ளைக்காரர்கள் அதை நல்லது, இனிமையானது என்ற பொருளில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர்கள் அதை வாங்கி ஆட்டுரலில் போட்டு வேறொன்றாக்கிவிட்டார்கள். மாவில் குருணை தட்டுப்படாவிட்டால் நைஸ். துணி உடம்பை உறுத்தாவிட்டால் நைஸ். அங்கிருந்து அந்தச் சொல் மெல்ல மனிதர்களிடம் வந்தது. குழந்தை தூங்கும்போது கதவை நைசாகச் சாத்த வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் நைசாகக் கிளம்பிவிட வேண்டும். என் அலுவலகத்தில் ஒருவர் தன் வேலையை அடுத்தவர் தலையில் நைசாகக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். எதிலும் உராயாமல், யாருக்கும் தெரியாமல், வழுக்கிக்கொண்டு போவது.

எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஓர் உபயோகம் இருந்தது. சனிக்கிழமை அவள் கிரைண்டரில் மாவு ஆட்டி முடிக்கிற நேரம் பார்த்து நான் காய்கறிப் பையை எடுத்தால், "நைசா நழுவுதியளா? கல்லத் தூக்கிக் கழுவி வச்சிட்டுப் போங்க" என்பாள். சாம்பார் பிரமாதம் என்று சொன்னால், "நைஸ் பண்ணாதிய. என்ன காரியம்னு சொல்லுங்க" என்பாள். பெரும்பாலும் ஏதோ காரியம் இருக்கத்தான் செய்யும்.

தில்லிக்கு வந்து இத்தனை காலமாகியும் அவளுக்கு இந்தியில் ஒரு மனக்குறை உண்டு. இந்தச் சொல் அங்கே ஒன்றாக இல்லை. துணியென்றால் முலாயம் என்கிறார்கள், பொடியென்றால் பாரீக் என்கிறார்கள், தரையென்றால் சிக்னா என்கிறார்கள். "ஒரு காரியத்துக்கு எத்தன வார்த்த! இவியளுக்கு வேற வேலயே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் நைஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டாள். மாவு மில்காரர் முதலில் திகைத்தார். பிறகு அவள் விரல்களைப் பார்த்துப் புரிந்துகொண்டார். இரண்டு விரல்களை அவள் உயர்த்தினாலே, "அச்சா ஜி, அவுர் பாரீக்", சரி, இன்னும் நைசாக, என்று திரும்பவும் மில்லில் போட்டுவிடுவார்.

அந்த வலது கை போய்விட்டது. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பு, காலையில் பல் தேய்க்கப் போனவள் குளியலறையில் சரிந்து கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். உயிர் பிழைத்தது. வலது பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அதை எடுத்துவிட்டு, இனி வாயால் சாப்பிடலாம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். கிளம்புகிற அவசரத்தில் ஒருவர் வந்து என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிவிட்டுப் போனார். நான் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் லிஃப்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவர் காதிலும் ஒட்டிக்கொண்டது சாஃப்ட் டயட் என்பது மட்டும்தான்.

சாஃப்ட் டயட் என்றால் ஒரு தமிழ் வீட்டில் என்ன செய்வார்கள்? கஞ்சி வைப்பார்கள், ரசம் வைப்பார்கள். உடம்பு சரியில்லாதவருக்குக் கெட்டியாக எதையும் கொடுக்க நமக்குக் கை வராது. தெளிவாக, நீர்க்க, சூடாக. அப்படித்தான் நானும் செய்தேன். அரிசியைக் குழைய வைத்து, மிக்சியில் அடித்து, டீ வடிகட்டியில் வடித்து, வெந்நீர் விட்டு இளக்கி ஊட்டினேன். மாடி வீட்டுக்காரர்கள் கும்பகோணம் பக்கம். அந்த அம்மா தினமும் மதியம் ஒரு பிளாஸ்கோடு இறங்கி வருவார். "சார், கொஞ்சம் தெளிவா ரசம் கொண்டாந்திருக்கேன். மண்டி கலக்காம எடுத்தது. சூடா குடுங்க" என்பார். மனைவி வாயைத் திறப்பாள். ஊட்டினால் குடிப்பாள். பிறகு இருமுவாள்.

அது தில்லியில் புகை கனத்துக் கிடக்கிற மாதம். யார்தான் இருமவில்லை? பால் பூத்தில் நிற்பவர் இருமுகிறார், ஆட்டோக்காரர் இருமுகிறார், மகள் குருகிராமிலிருந்து மெட்ரோவில் வந்து இறங்கும்போதே இருமிக்கொண்டு வருகிறாள். நானும் இருமினேன். அதனால் இவள் இருமியதும் எங்களுக்கு ஊர் இருமலோடு சேர்ந்துவிட்டது. ஜன்னல்களை அடைத்தோம். காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்றை மகள் வாங்கிக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தாள். திருநெல்வேலியில் இருக்கும் என் அக்காவிடம் போனில் சொன்னேன். "இருமலுன்னா மொளகு ரசம் வச்சுக் குடுல தம்பி. தெளிவா, நெறைய குடு. நெஞ்சுச் சளி கரையட்டும்" என்றாள். சரி என்று மிளகு ரசம் வைத்தேன். குடித்தாள், இருமினாள். இருமினாளே என்று இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். இப்படி ஒரு கூத்து வேறு எந்த ஊர்க்காரர் வீட்டிலும் நடந்திருக்காது. அந்த ரசத்தால்தான் இருமுகிறாள் என்று மாடி வீட்டுக்கும் தெரியவில்லை, திருநெல்வேலிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்கியது. திரும்பவும் மருத்துவமனை. டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இவர் எப்போது இருமுகிறார், சாப்பிடும்போதா, சும்மா இருக்கும்போதா என்று கேட்டார். நான் யோசித்தேன். சும்மா இருக்கும்போது அவள் ஒரு தடவைகூட இருமியதில்லை.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தியை அனுப்பினார்கள். மகள் வயதுதான் இருக்கும், பஞ்சாபிப் பெண். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள், இவள் இருமினாள். ஒரு ஸ்பூன் கெட்டித் தயிர் கொடுத்துப் பார்த்தாள், இருமல் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்கிள், பதலா நஹீ. பில்குல் நஹீ" என்றாள். நீர்க்க எதுவும் கூடாது, அறவே கூடாது. தொண்டை தளர்ந்துபோனவர்களுக்குத் தண்ணீர்தான் முதல் ஆபத்து, மூச்சுக்குழாய் மூடுவதற்குள் அது ஓடிவந்து உள்ளே இறங்கிவிடும், நுரையீரலில் போய் நிற்கும் என்று விளக்கினாள். உணவு கட்டியில்லாமல் ஸ்மூத்தாக இருக்க வேண்டும், ஆனால் ஓடக் கூடாது என்றாள். தெளிவு ரசம் கொடுத்தேன் என்று அவளிடம் சொன்னேன். அது என்ன என்று கேட்டாள். சொன்னதும் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இன்னொரு முறை நுரையீரலுக்குள் போனாலோ, வாயால் போதிய அளவு சாப்பிடாமல் எடை இறங்கிக்கொண்டே போனாலோ, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடுவோம். பிறகு வாய்க்கு வேலை இல்லை. பலருக்கும் செய்வதுதான், பயப்பட வேண்டாம் என்றார். நான் பயந்தேன். உப்பு, புளி, காரம் என்று வாயாலேயே உலகத்தோடு சண்டை போட்டவள். அந்த வாயையும் மூடிவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்?

அதன் பிறகு நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. காலையில் துடைத்து விடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, அரைப்பது, வடிகட்டுவது, ஊட்டுவது, மிக்சி ஜாடி கழுவுவது, மறுபடியும் அரைப்பது. பகலுக்கு வந்த உதவிப் பெண் குளிர் அதிகமானதும் ஊருக்குப் போய்விட்டாள். படுக்கைப் புண் வராமல் இருக்க விரிப்பு நைசாக இருக்க வேண்டும், மடிப்பு விழக் கூடாது என்றார்கள். அதற்காகத் திலக் நகர் சந்தைக்குப் போனேன். கடைக்காரர் துணிகளைப் பிரித்துப் போட்டார். அவள் செய்வதைப் போலவே கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாத் துணியும் ஒன்றுபோலவே இருந்தது. இத்தனை வருடம் அவள் விரலை நம்பிப் பிழைத்த ஆளுக்குத் தன் விரலில் ஒன்றுமில்லை என்று அந்தக் கடையில்தான் தெரிந்தது. கடைக்காரர் முலாயம் என்று சத்தியம் செய்த ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அதை அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

அலுத்துவிட்டது. இதைச் சொன்னால் யாராவது தப்பாக நினைப்பார்களோ என்று இப்போது கவலையில்லை. அவள் மேல் அலுப்பில்லை, என் மேலும் இல்லை. மிக்சி சத்தத்தின் மேல், வடிகட்டியின் மேல், எல்லாரும் போனில் கேட்கிற "இப்ப எப்படி இருக்காங்க" மேல் அலுப்பு.

மருந்துக் கடையில் ஒரு பொடி கிடைத்தது. தண்ணீரில் போட்டால் தண்ணீர் கெட்டியாகிவிடும். அதைப் பாலில் கலந்தேன், பருப்புத் தண்ணீரில் கலந்தேன், ஆசை விடாமல் ரசத்திலும் கலந்தேன். ரசம் பசை ஆகிவிட்டது. ஒரு ஸ்பூன் நானே வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினேன். அவள் முதல் இரண்டு நாள் ஏதோ விழுங்கினாள். பிறகு ஸ்பூனைக் கண்டாலே உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், நைஸ் பண்ணியும் பார்த்தேன். அவளுக்கு எரிச்சல்கூட வரவில்லை. நறநற என்று சொல்ல விரலையாவது அசைக்க மாட்டாளா என்று இருந்தது. இடது கை நன்றாகத்தான் இருந்தது. அது போர்வைக்கு மேலே யாருடையதோ போலக் கிடந்தது.

மகள் சனி ஞாயிறு வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்ட உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அப்பா, அம்மா கிவ் அப் பண்ணிட்டாங்க. டியூப் வச்சிடலாம்பா. நீங்களும் எத்தனை நாள் இப்படி? உங்களைப் பார்த்தாலே டர் லக்தா ஹை."

"பயமா இருந்தா நீ பாக்காத" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் அழுதுகொண்டே பாத்திரங்களைக் கழுவினாள். கழுவி முடித்துவிட்டு, "கல்யாண வீட்டுச் சாப்பாட்டையே குறை சொல்ற ஆளு. இந்தப் பசையை எப்படிப்பா சாப்பிடுவாங்க?" என்றாள்.

வார நடுவில் பயிற்சிப் பெண் வீட்டுக்கு வந்தாள். எடை பார்த்தாள், முகம் இறங்கிப்போனது. அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள். போகும் முன் சமையலறைக்கு வந்து எனக்கு மறுபடியும் காட்டினாள். ஸ்பூனைச் சாய்த்தால் உணவு சொட்டக் கூடாது. அதே நேரம் ஸ்பூனோடு ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. ஒரே உருண்டையாக வழுக்கி விழ வேண்டும். "உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் அப்படி எதுவும் இல்லையா, அங்கிள்?" என்று இந்தியில் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் கண் மேடையில் துணி போட்டு மூடிக் கிடந்த கிரைண்டர் மேல் போனது. மனைவி விழுந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. சனிக்கிழமைகளில் அவள் உளுந்து ஆட்டி முடித்ததும் ஒரு கை அள்ளிக் காட்டுவாள். அது கையிலிருந்து வழியாது, ஒட்டவும் செய்யாது. "பாத்தியளா, வெண்ண" என்று சொல்லிப் பாத்திரத்தில் விடுவாள், பொத்தென்று விழும். மகள் வயதுக்கு வந்தபோது அதே உளுந்தில் கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டு அவள் களி கிண்டினாள். அந்தப் பிள்ளை ஒரு வாய் தின்றுவிட்டு மேகி கேட்டது. மிச்சம் முழுவதையும் இவளே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். களி ஒட்டிக்கொள்ளும் பொருளாயிற்றே என்று தயங்கினாள். எண்ணெய் நிறைய விட்டு இளக்கமாகக் கிண்டுங்கள், நான் வந்து ஸ்பூனில் பார்க்காமல் ஊட்டாதீர்கள் என்றாள்.

எனக்குக் கிரைண்டரில் கல்லைத் தூக்கவும் கழுவவும்தான் தெரியும். உளுந்தை ஊறவைத்துப் போட்டேன். தண்ணீர் தெளிக்காமல் விட்டதில் கல் முனகியது, பயந்துபோய் ஊற்றியதில் மாவு நீர்த்துவிட்டது. நீர்த்ததைப் பார்த்ததும் எனக்கு ரசம் ஞாபகம் வந்தது. அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டு மறுபடியும் ஊறப் போட்டேன். குளிரில் தண்ணீர் தொட முடியவில்லை, விரல் மரத்துப்போனது. இரண்டாம் முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தேன். சக்கர நாற்காலியைச் சமையலறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். வேடிக்கை பார்க்கட்டும் என்று அல்ல. தனியாக விட்டால் சரிந்துவிடுவாளோ என்ற பயம். அவள் கண் கிரைண்டர் மேல் இருந்ததா, அதற்குப் பின்னால் இருந்த சுவரின் மேல் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கருப்பட்டி ஊரிலிருந்து வந்தது, டப்பாவில் கிடந்தது. பாகு காய்ச்சி, வடிகட்டி, மாவை விட்டு, கை ஓயும்வரை கிண்டினேன். நல்லெண்ணெயை விட்டுக்கொண்டே இருந்தேன். பச்சை வாடை போய் வீடு முழுக்கக் கருப்பட்டி மணந்தது. சொன்னபடி பயிற்சிப் பெண் வந்தாள். ஆறியதைத் தொட்டாள், ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தாள். கொஞ்சம் நின்று, உருண்டையாக வழுக்கித் தட்டில் விழுந்தது. தானும் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, "இது ஹல்வாதானே அங்கிள்?" என்றாள். ஆமாம் என்றேன். விளக்க எனக்குத் தெம்பில்லை.

ஸ்பூன் நுனியில் கொஞ்சமாக எடுத்து மனைவியின் வாயருகே கொண்டுபோனேன். உதடு மூடித்தான் இருந்தது. நான் பிடித்தபடியே இருந்தேன். அவள் மூக்கு அசைந்தது. பிறகு வாய் திறந்தது.

விழுங்கினாள். பயிற்சிப் பெண் தன் விரலை அவள் தொண்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் இருமலுக்காகக் காத்திருந்தேன். என் வாழ்நாளில் எந்தச் சத்தத்துக்காகவும் அப்படிக் காது கொடுத்ததில்லை. வெளியே பழைய சாமான் வாங்குகிறவன் கத்திக்கொண்டு போனான். இருமல் வரவில்லை. இரண்டாவது ஸ்பூன் கொடுத்தேன், வரவில்லை. கிண்ணத்தில் பாதி இறங்கிவிட்டது. பயிற்சிப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பூனைத் துடைத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது போர்வைக்கு மேலே அவளுடைய இடது கை எழுந்திருந்தது. வாயோரம் ஒட்டியிருந்த களியை அந்தக் கை தடவித் தடவித் தேடி எடுத்தது. பழக்கமில்லாத கை. கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேடி, தவறி, நடுவிரலில் முட்டி, பிறகு எப்படியோ கண்டுபிடித்தது. இரண்டையும் சேர்த்து மெதுவாகத் தேய்த்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. முகத்தைச் சுளித்தாள். விரல்களை என் பக்கமாக நீட்டிக் காட்டினாள்.

"ஆன்ட்டி என்ன கேட்கிறார்?" என்றாள் பயிற்சிப் பெண்.

"ஒன்றும் கேட்கவில்லை. குறை சொல்கிறாள்" என்றேன் இந்தியில்.

நான் எழுந்து போய் உளுந்து டப்பாவைத் திறந்தேன். அடுத்த தடவைக்கு ஊறப் போட்டேன்.